அவள் உடனே பதில் சொல்லவில்லை

வேலை செய்யும் இடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் 'காது'. "காது வந்தாச்சா?", "காதுகிட்ட கொடு, பாத்துக்குவார்" என்று கிண்டலாக ஆரம்பித்தது, பிறகு அப்படியே ஒட்டிக்கொண்டது. அவருடைய அலமாரிக் கதவில் யாரோ பென்சிலால் பெரிய காது ஒன்றை வரைந்துவைத்தார்கள். அவர் அதை அழிக்கவில்லை. சொல்லப்போனால், அது மங்கியபோது அவரே பேனாவால் ஒருமுறை அழுத்தி வரைந்துகொண்டார்.

பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாய்விட்டுப் படித்துப் பதிவுசெய்து தரும் சின்ன ஸ்டுடியோ அது. பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. கீழே பல் டாக்டர், மேலே தையல் மிஷின் ரிப்பேர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக்கும் படிப்பவர்களும். இந்தப் பக்கம் ஹெட்போனோடு காது. கீழே பல் டாக்டர் டிரில்லை எடுத்தால் வேறு யாருக்கும் கேட்காது, இவருக்குக் கேட்கும். "நிறுத்துங்க. கீழ யாருக்கோ கடைவாய்ப்பல் போகுது. முடியட்டும்" என்று கையைத் தூக்குவார். படிப்பவர்கள் பாதி வாக்கியத்தில் வாயைத் திறந்தபடி காத்திருப்பார்கள், பல்லைக் காட்டிக்கொண்டு நாற்காலியில் கிடப்பது அவர்கள்தான் என்பதைப் போல.

பதிவு முடிந்தபின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இருமல், கனைப்பு, காகிதம் புரள்வது, பசியில் வயிறு உறுமுவது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பார். எடுத்த இடத்தைச் சும்மா விட்டால் கேட்கிறவர் காது அங்கே குழியில் இடறின மாதிரி இடறும். அதற்காகவே காலையில் முதல் வேலையாக, யாரும் வருவதற்கு முன்னால் அந்த அறையை மட்டும் கொஞ்ச நேரம் பதிவுசெய்துவைப்பார். ஆளில்லாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. ஸ்டுடியோவில் அதற்குப் பேர் 'காலி'. வெட்டிய இடத்தில் அன்றைய காலியை வைத்து ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது.

மூச்சில் மட்டும் அவர் கை வைக்கமாட்டார். "மூச்சை எடுத்துட்டா படிக்கிற ஆள் செத்துப்போன மாதிரி இருக்கும்" என்பார். அதை ஏதோ வேதவாக்கு மாதிரி எல்லாரும் மதித்தார்கள்.

அவர் கல்யாணம் செய்துகொண்டதும் காதால்தான். அம்மாவின் கண்ணைக் காட்டக் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்த பெண், "பதினாலு உள்ள போங்க. பதினஞ்சு, அவசரப்படாதீங்க, உங்க கண்ணு எங்கயும் ஓடிராது" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் இன்னும் கொஞ்ச நேரம் கேட்கலாமென்று இவர் தன் டோக்கனைப் பின்னால் இருந்தவரிடம் கொடுத்து அவருடையதை வாங்கிக்கொண்டார். அதை அவருக்கும் பின்னால் இருந்தவரிடம் மாற்றினார். கடைசியில் அம்மா, "டேய், நான் கண் தெரியாமப் போற வரைக்கும் உக்காந்திருக்கப் போறியா?" என்று கேட்கும்படி ஆயிற்று.

கல்யாணமான பிறகு அவளை ஸ்டுடியோவுக்குக் கூட்டிவந்ததும் அவரேதான். காலையில் ஆஸ்பத்திரி, மதியத்துக்குமேல் ஸ்டுடியோ. வரிச் சட்டம், தேர்வு வழிகாட்டி, மருந்துக் குறிப்பு எல்லாம் படித்தாள். சர்க்கரை நோய்க் கையேடு ஒன்றை அவள் படித்த அழகில், கேட்டவர்களுக்கு நமக்கும் வந்தால்தான் என்ன என்று தோன்றியிருக்கும். அவள் நடுவில் ஒரு நொடி நின்றால், அடுத்த வரி நீளமானது என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தே இவருக்குத் தெரியும். அவள் குரல் தனக்குச் சொந்தம் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. நினைக்கவேண்டிய தேவை வரவில்லை, அவ்வளவுதான்.

வந்தது ஒரு நாவலால்.

ஸ்டுடியோவை நடத்துகிறவர் பிறவியிலேயே பார்வையில்லாத ஒரு பெண்மணி. எல்லாருக்கும் மேடம். எந்தப் புத்தகத்தையும் இரட்டை வேகத்தில்தான் கேட்பார். சாதாரண வேகத்தில் கேட்டால் தூக்கம் வருகிறது என்பார். நூறு வருஷத்துக்கு முந்தைய காதல் நாவல் ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தார். ஒரு துறைமுக ஊர். அப்பா விட்டுப்போன பட்டறையில் கப்பல்களுக்குப் பாய் தைத்துக் கொடுத்துத் தனியாகப் பிழைக்கும் ஒரு பெண். பணக்காரன் ஒருவன் வந்து கேட்கிறான், முடியாது என்கிறாள். அழகன் ஒருவன் வந்து கேட்கிறான், அவனுக்கும் அதே பதில். கடைசியில் வருகிறவன் ஒரு கப்பல் டாக்டர்.

"பொண்ணு பேசுறதும் கதை சொல்றதும் நீ" என்றார் மேடம் இவர் மனைவியிடம். "ஆம்பளைங்க பேச்சுக்கெல்லாம் வேற ஆள் வரார். இது நல்லா வந்துச்சுன்னா இனிமே வர நாவல் எல்லாம் உனக்குத்தான். ஆஸ்பத்திரி மேஜையை நீ விட்டுரலாம்."

அன்று வீட்டுக்கு வந்து அவள் அந்த நாவலைக் கீழே வைக்கவேயில்லை. அடுப்பைப் பார்த்தபடி ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் புத்தகம்.

"இவளைப் பாருங்க. யாரையும் கேக்கல. தானே யோசிக்கிறா, தானே முடிவு பண்றா."

"நீயும் அப்படித்தானே."

"நானா? நீங்கதான் டோக்கன் வாங்கிட்டு வந்து உக்காந்துட்டீங்களே. நான் எங்க யோசிச்சேன்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் இவருக்கு அது சட்டைக்குள் விழுந்த முடி மாதிரி ரொம்ப நேரம் உறுத்தியது.

ஆண்களின் பேச்சைப் படிக்க வந்தவனை ஊரில் எல்லாருக்கும் தெரியும், முகம்தான் தெரியாது. டவுன் பஸ்களில் "அடுத்த நிறுத்தம்..." என்று சொல்லும் அந்தக் குரல் அவனுடையது. ஸ்டுடியோவில் ஒரே நாளில் அவனுக்கு 'நிறுத்தம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சின்ன வயது. ஒல்லியான உடம்புக்குள்ளிருந்து எங்கிருந்துதான் அவ்வளவு பெரிய குரல் வருகிறதோ தெரியாது. இவரை "அண்ணே" என்பான். அவளை "மேடம்" என்றான். சில நாளில் "நீங்க" மட்டும் மிஞ்சியது, "மேடம்" உதிர்ந்துவிட்டது. மற்றவர்கள் கவனித்திருக்கமாட்டார்கள். காதுக்கு அது விழுந்த சத்தமே கேட்டது.

அதற்குப் பிறகு கேட்காதது எது? அவன் தொண்டையைச் சரிசெய்துகொள்ள அவள் மிட்டாய் நீட்டுவது. அதன் காகிதம் பிரிவது. தப்பாகப் படித்தால் அவன் விரலைத் தூக்க, அவள் மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிச் சிரிப்பது. திருப்பினால் கேட்காது என்று நினைத்தாளோ என்னவோ. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காது ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்க விரும்புகிறவன் சுவரில் காதை ஒட்டவேண்டும். இவருக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. தன் மனைவி இன்னொருவனிடம், "உங்களைப் பார்த்த அன்றிலிருந்து என் ஊசி நேராகப் போகவில்லை" என்று சொல்வதை இரண்டு காதிலும் கொண்டுவந்து ஊற்றினார்கள். அதில் இருமல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது இவர் வேலை.

பஸ்ஸில் போவதை நிறுத்தினார். எங்கே ஏறினாலும் தலைக்குமேல் அவன்தான். "கதவருகே நிற்காதீர்கள்" என்று இவரைப் பார்த்தே சொல்கிற மாதிரி இருந்தது. நடந்தே வீட்டுக்குப் போனார். வீட்டுக்குக் கீழேயே சலவைக் கடை வைத்திருந்த அக்கா, சட்டையைக் கையில் வாங்கியதும் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னடா, முதுகெல்லாம் உப்புப் பூத்திருக்கு? பஸ் ஓடலையா?"

"உடம்புக்கு நல்லதுன்னு நடக்கறேன்."

"உடம்புக்கா? அந்த பஸ்ல பேசுற பையன் உங்க ஸ்டுடியோவுக்கு வரானாமே. என்ன குரல்டா அது! 'இறங்கும்போது பார்த்து இறங்குங்கள்'னு அவன் சொன்னா எனக்கு இறங்கவே மனசு வராது."

"நீ துணியைத் துவை, அக்கா."

"துவைக்கிறேன். உன் மூஞ்சியையும் கழட்டிக் கொடு, அதுவும் கசங்கித்தான் இருக்கு."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. பிறகு அந்தக் கட்டம் வந்தது. மூடிய பட்டறை, வெளியே மழை, பாதி தைத்த பாய் தரையெல்லாம் விரிந்து கிடக்கிறது. டாக்டர் வாசலில் நிற்கிறான். "என்னோடு வருவாயா?" என்றான் நிறுத்தம், டவுன் பஸ்ஸில் ஒருநாளும் கேட்காத குரலில். அவள் கதையின் வரியைப் படித்தாள்: "அவள் உடனே பதில் சொல்லவில்லை."

படித்துவிட்டு நிறுத்தினாள்.

ஒன்றும் பேசவில்லை. நாற்காலி லேசாக முனகியது. இவருக்கு அந்த இடத்தில் இரண்டு மூச்சு கேட்டது. உள்ளே போனது, வெளியே வந்தது. மறுபடி உள்ளே. இரண்டும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வந்தன, ஒருவர் மூச்சையே இரண்டு பேர் விடுகிற மாதிரி. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தும் தன் மூச்சு அவள் மூச்சோடு அப்படிப் போனதில்லை என்று அவருக்குத் தோன்றியது.

அப்புறம் அவள் சொன்னாள்: "வருகிறேன். ஆனால் பட்டறைச் சாவி என்னிடம்தான் இருக்கும்."

மறுநாள் எடிட் செய்ய உட்கார்ந்தவர் அந்த இடத்துக்கு வந்ததும் கையை எடுத்தார், பிறகு வைத்தார். நீளமான மௌனத்தைக் குறைக்கலாம் என்று ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. மிஷின் நின்றுவிட்டது என்று கேட்பவர்கள் பயந்துவிடக்கூடாது. அந்த வழக்கத்தை மனசுக்குள் உரக்கச் சொல்லிக்கொண்டார். குறைக்கவில்லை, மொத்தமாக வெட்டினார். இரண்டு மூச்சும் போயின. எடிட் முடிந்த அத்தியாயத்தின் மூலப் பதிவை அழித்துவிடுவது அவருடைய பழக்கம், இடம் அடைக்கும் என்று. அதையும் அழித்தார். கையைக் கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போனார். டீ நன்றாகக்கூட இருந்தது.

இரண்டு நாள் கழித்து மேடம் கூப்பிட்டார். இவர் அறைக்குள் நுழையும்போதே மேடம் சிரித்துக்கொண்டிருந்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"கேளு இதை." போட்டார். "அவள் உடனே பதில் சொல்லவில்லை. வருகிறேன். ஆனால் பட்டறைச் சாவி..." நிறுத்தினார். "உடனே பதில் சொல்லலையாம்! சொல்லி முடிச்சே போயிட்டா. நான் ரெட்டை வேகத்துல கேக்கிறவ, எனக்கே அவசரமா இருக்குன்னா பாத்துக்க. கதையே அந்த எடத்துலதான் நிக்குது. ரெண்டு பேரைத் துரத்தினவ, மூணாவது ஆளைப் பாத்து யோசிக்கிறா. இது என்னடான்னா, ரெடியா வாசல்ல பொட்டியோட நின்னவ மாதிரி இருக்கு."

காது வாயைத் திறப்பதற்குள் மேடமே தொடர்ந்தார்.

"உன் வீட்டுக்காரிக்கு இன்னும் கையேட்டுப் பழக்கம் போகல. அவளைக் குத்தம் சொல்லல. கடைசி மூணு அத்தியாயத்தையும் இந்தக் கட்டத்தையும் வேற பொண்ணுக்குக் கொடுத்துரலாம்னு இருக்கேன். அவகிட்ட நானே சொல்லிக்கறேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சரிங்க மேடம்" என்றுதான் அவர் வாயிலிருந்து வந்தது. வெளியே வந்து வராந்தாவில் நின்றார். சொன்னால், ஏன் வெட்டினாய் என்று கேட்பார்கள். இரண்டு பேர் மூச்சு விட்டார்கள், அதனால் வெட்டினேன் என்று எந்த மனுஷன் சொல்வான்? சொல்லாவிட்டால், அவள் திரும்ப ஆஸ்பத்திரி மேஜைக்குப் போவாள், தன் வாய்தான் அவசரப்பட்டது என்று நினைத்துக்கொண்டு.

அவருக்கு ஒரு வழி தோன்றியது. எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் உட்கார்ந்து, அந்த நாள் காலையில் எடுத்த காலியைத் தேடி, வெட்டிய இடத்தில் ஒட்டினார். போட்டுக் கேட்டார். அருமையாக இருந்தது. அவன் இல்லாத மௌனம். மேடத்திடம், கம்ப்யூட்டர் ஏதோ தின்றுவிட்டது, இப்போது சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாம்.

கதவு திறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள் அவள். கண் சிவந்திருந்தது.

"மேடம் போன் பண்ணாங்க. நான் அவசரப்பட்டேனாம். நான் நின்னேனே? உங்களுக்குத் தெரியும்ல?"

"நின்ன, நின்ன. கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு. சரிபண்ணிட்டேன். கேளு."

ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். கேட்டாள். திரும்பப் போடச் சொன்னாள். இரண்டாவது முறை கேட்கும்போது அவள் முகம் மாறுவதை அவர் பார்த்தார்.

"இதுல நான் இல்லையே."

"உன் குரல்தானே?"

"குரலைச் சொல்லல. நடுவுல. நான் அங்க உக்காந்திருந்தேன்ல, அந்த நாற்காலி முனகும். மூச்சு விட்டேன். இது யாருமில்லாத ரூம்." ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "இது காலி."

"அது வந்து..."

"இதெல்லாம் கேக்கச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே. எதுக்கு வெட்டினீங்க?"

"நீளமா இருந்தா குறைக்கிறதுதான் வழக்கம்."

"போன வாரம் நாவல்ல அவ அப்பா சாகுற கட்டத்துல இதைவிட நீளமா நின்னேன். அதைத் தொடல. அன்னிக்கு நான் தனியா படிச்சேன்."

அவர் மேஜையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே டிரில் ஓடியது. அவருக்கு மட்டும் கேட்டது.

"அவன் மூச்சும் உன் மூச்சும் சேந்து போச்சு" என்றார்.

"என்னது?"

"ஒண்ணா. ஒரே மாதிரி."

சிரித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தார். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு ரூம்ல ரெண்டு பேர் உக்காந்தா மூச்சு விடாம என்ன பண்ணுவாங்க? சரி, அதை விடுங்க. பொறாமைப்பட்டீங்க, படுங்க. அது உங்க பாடு. ஆனா மேடம் என் மேல பழியைப் போட்டப்ப நீங்க அங்கதான் நின்னீங்க. 'சரிங்க மேடம்'னு சொன்னீங்களாமே."

அவர் எழுந்தார். மேடத்தின் அறைக்குப் போய், கதவைச் சாத்தாமலே சொன்னார். காரணத்தோடு சேர்த்து.

மேடம், "மூச்சையா வெட்டின? நீயா?" என்றார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம். "வேற பொண்ணெல்லாம் வேண்டாம். நாளைக்கே திரும்ப எடுங்க. மூணு பேரும் உக்காந்து."

மறுநாள் நிறுத்தம் முன்கூட்டியே வந்துவிட்டான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தலையை நீட்டினான்.

"அண்ணே, ஏன் திரும்ப எடுக்கறோம்? என் மூச்சு கேட்டுருச்சா?"

காது திரும்பிப் பார்த்தார். "ஏன் கேக்கற?"

"பஸ்ஸுக்குப் பேசினப்ப என் மூச்சையெல்லாம் துடைச்சு எடுத்துட்டாங்கண்ணே. இங்க நீங்க ஒரு கொசு பறந்தாலும் கையைத் தூக்குறீங்க. எனக்குப் பயமா இருக்கும். அதனால அவங்க எப்ப விடறாங்கன்னு பாத்து, அதோட சேத்து நானும் விட்டுருவேன். கலந்து போயிரும்ல? உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

காதுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. இத்தனை நாள் தூக்கம் கெட்டது இவன் பயந்ததற்காகவா? "மூச்சு விடு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார். "தனியாவே விடு."

உள்ளே போய் உட்காருவதற்கு முன் அவள் அவரிடம் வந்தாள். "ஹெட்போனைக் கழட்டக்கூடாது. கடைசி வரைக்கும் கேக்கணும்."

சிவப்பு விளக்கு எரிந்தது. "என்னோடு வருவாயா?" என்றான் நிறுத்தம். "அவள் உடனே பதில் சொல்லவில்லை" என்றாள் அவள்.

நாற்காலி முனகியது. அவன் மூச்சு தனியாகப் போனது, கொஞ்சம் அவசரமாக, பாவம். அவள் மூச்சு மெதுவாக, வேறெங்கோ போய்த் திரும்பி வருகிற மாதிரி வந்தது. போனமுறையைவிட நீளம். அவள் கண் புத்தகத்தில் இல்லை. அவனிடமும் இல்லை. கண்ணாடியைத் தாண்டி இவரிடமும் இல்லை. எங்கேயோ இருந்தாள். பக்கத்தில் அவன் இருந்ததைவிட இந்த 'எங்கேயோ' இவரை அதிகமாகக் கடித்தது. அவனை வேண்டுமானால் வெறுக்கலாம். இதை என்ன செய்வது?

"வருகிறேன். ஆனால் பட்டறைச் சாவி என்னிடம்தான் இருக்கும்."

இவர் கையைத் தூக்கவில்லை. எடிட்டிலும் தொடவில்லை. மேடம் கேட்டுவிட்டு, சாதாரண வேகத்துக்குக் குறைத்து இன்னொருமுறை கேட்டாராம். கடைசி அத்தியாயங்கள் அவளிடமே இருந்தன.

அன்று சாயங்காலம், "பஸ்ஸுலயே போலாம், எனக்குக் கால் வலிக்குது" என்றாள் அவள். ஏறினார்கள். தலைக்குமேல் அவன் கதவருகே நிற்கவேண்டாம் என்றான். இவர் தள்ளி நின்றார்.

இடம் கிடைத்து உட்கார்ந்ததும் கேட்டார். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டார்.

"அந்த நேரத்துல என்ன நெனச்ச?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். பிறகு திரும்பினாள்.

"அது எனக்கு" என்றாள்.

"என்கிட்டகூட சொல்லமாட்டியா?"

"மாட்டேன்."

கோபம் எதுவும் இல்லை அந்தக் குரலில். பதினைந்தாம் நம்பரை அவசரப்படவேண்டாம் என்று சொன்ன அதே குரல். இவருடைய பொறாமை அப்படியே இருந்தது, கொஞ்சமும் குறையவில்லை. அடுத்த நிறுத்தம் எது என்று மேலே இருந்து அவன் சொன்னான். அவள் எழுந்து மணியை அழுத்தினாள்.

அவள் தோளில் தொங்கிய பையை இவர் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அவள் உடனே கொடுத்துவிடவில்லை. இவர் கையை எடுக்காமல் நின்றார்.